தேக்கா, எஞ்சினியர்டு பலகையா, பழைய பார்க்கெட்டா, வினைலா? சிங்கப்பூர் வீட்டுக்கு மரத்தரை தேர்ந்தெடுக்க

வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரத்திலேயே பலர் கேட்கும் கேள்வி இது. கடைக்குப் போனால் மேசைமேல் நாலு மாதிரித் துண்டுகளை வைக்கிறார்கள். நாலும் ஒரே தேக்கு நிறம். விலையோ ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஒன்று முழு மரம். இன்னொன்றில் மேல்தோல் மட்டும் மரம். மூன்றாவது மரத்தூளை அழுத்தி மேலே மரப்படம் ஒட்டியது. நாலாவதில் மரமே கிடையாது. மறுவிற்பனை வீடு வாங்கியவருக்கு ஐந்தாவது ஒன்று காலடியிலேயே கிடக்கும்: முந்தின சொந்தக்காரர் கம்பளத்துக்குக் கீழே மூடி வைத்திருந்த பழைய தேக்குப் பார்க்கெட், அதாவது சிறு மரச்சில்லுகளை ஒட்டிய தரை.

மாதிரித் துண்டைத் தடவிப் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம். மரத்தரை கெட்டுப்போவது பெரும்பாலும் மரத்தால் அல்ல. அதற்குக் கீழே இருக்கும் சிமெண்டாலும் அதைச் சுற்றியிருக்கும் காற்றாலும்தான். அதனால் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

காற்றின் ஈரம். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். 80 விழுக்காட்டுக் காற்றில் நெடுநாள் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீரோடு நிலைகொள்ளும். குளிரூட்டி ஓடிக்கொண்டே இருந்து காற்று 60க்கு இறங்கிவிட்டால் அது 11 பக்கம் வந்து நிற்கும். நீர் ஏறினால் பலகை அகலும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாற்றமே இருக்காது. அகலத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

எவ்வளவு அகலும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். தட்டையாக அறுத்த தேக்கு, நீர் 1 விழுக்காடு மாறினால் தன் அகலத்தில் 0.00186 பங்கு மாறும். வெள்ளை ஓக் 0.00365 பங்கு, கிட்டத்தட்ட இரட்டிப்பு. 90 மி.மீ. பலகையில் 4 விழுக்காடு மாற்றம் வந்தால் தேக்கு 0.67 மி.மீ. அகலும், ஓக் 1.3 மி.மீ. ஒரு பலகையில் இது ஒன்றுமில்லை. 3 மீட்டர் அகல அறை முழுவதும் கூட்டிப் பாருங்கள்: தடுக்க எதுவும் இல்லாவிட்டால் தேக்கு 22 மி.மீ., ஓக் 44 மி.மீ. தேக்கு இந்த ஊருக்கு ஏற்ற மரம் என்று தச்சர்கள் சொல்வது பழக்கத்தால் மட்டும் அல்ல என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரியும்.

கீழ்த்தள ஈரம். தளத்தைச் சமன்செய்யப் போடும் சிமெண்ட் பூச்சுதான் ஸ்கிரீட். புதிதாகப் போட்ட ஸ்கிரீட், நல்ல காற்றோட்டத்தில் நாளொன்றுக்கு 1 மி.மீ. என்ற அளவில் காயும். 40 மி.மீ. போட்டால் குறைந்தது 40 நாள். மழைக்காலமாக இருந்தால், சன்னலைச் சாத்தி வைத்திருந்தால், இன்னும் கூடும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

உயரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஸ்கிரீட்டும் மேல்தரையும் சேர்ந்து 50 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. தட்டையான தளத்தில் நின்று பேசும்போது இது சின்ன விதியாகத் தெரியும். பிளைவுட், பலகை என்று அடுக்கத் தொடங்கினால்தான் அது எவ்வளவு இறுக்கம் என்று புரியும்.

எத்தனை வருடம். ஐந்து வருடத்தில் விற்றுவிட்டுப் போகிறவருக்கும், பிள்ளைகள் கல்யாணம் வரை அங்கேயே இருக்கப் போகிறவருக்கும் ஒரே தரை சரிவராது.

வீட்டுப் பழக்கம். தினமும் வாளித் தண்ணீரில் மாப்பை நனைத்துத் துடைக்கும் வீடா? வெள்ளிக்கிழமைதோறும் ஈர மாக்கோலம் போடும் பூசை மூலை உண்டா? சன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வேலைக்குப் போவீர்களா? இவற்றுக்கு உண்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

## முழு மரப் பலகை

தேக்கு, செங்கால், மெர்பாவ், கெம்பாஸ் ஆகியவைதான் இங்கே அதிகம் பேசப்படும் மரங்கள். மெர்பாவ் தேக்கைவிடக் கடினமானது, ஆனால் ஈரம் பட்டால் செம்பழுப்பு நிறத்தில் சாயம் விடும். வெளிர்நிறச் சுவருக்கு அருகில் அதைக் கவனமாகப் போட வேண்டும். செங்கால் கனமானது, கறையான் எளிதில் அண்டாது, மாடத்துக்கும் படிக்கட்டுக்கும்கூட ஏற்றது. தேக்கு இவை எல்லாவற்றையும்விட மென்மையானது. குதிகால் உயர்ந்த செருப்போ, விழுந்த அம்மிக் குழவியோ பள்ளம் பதிக்கும். ஆனாலும் அது அசையாமல் கிடக்கும், அதுதான் அதன் பலம்.

வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்: ஸ்கிரீட்டின் மேல் பாலித்தீன் தாள், அதன் மேல் 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் 15 அல்லது 18 மி.மீ. பலகை. பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு வழியாகச் சாய்வாக ஆணி அடித்து, அந்த நாக்கு நுழையும் அடுத்த பலகையின் காடியால் (பள்ளத்தால்) ஆணித்தலையை மறைத்துவிடுவார்கள். பிளைவுட்டுத் தகடுகளுக்கு இடையே 3 மி.மீ. விட வேண்டும். சுவரோரம் முழுக்க 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டு, ஸ்கிர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மூட வேண்டும். ஸ்கிர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல.

இப்போது 50 மி.மீ. கணக்கைப் போடுங்கள். 18 மி.மீ. பலகையும் 12 மி.மீ. பிளைவுட்டும் 30. மிச்சம் 20. அவ்வளவு மெல்லிய ஸ்கிரீட் எளிதில் வெடிக்கும். 15 பலகை, 9 பிளைவுட் என்று இறங்கினால் ஸ்கிரீட்டுக்கு 25 கிடைக்கும், மொத்தம் 49. ஆகவே வீவக வீட்டில் முழு மரம் வேண்டும் என்றால் 15 மி.மீ. பலகைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஏற்கனவே இருக்கும் தரை ஓடுகளை (டைல்) அப்படியே விட்டு அவற்றின் மேல் முழு மரம் போடுவதாக ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கை அவரையே ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

15 மி.மீ. போதுமா என்று தயங்க வேண்டாம். 18 மி.மீ. பலகையையும் அடிவரை தேய்க்க முடியாது. நாக்குக்கு மேலே இருக்கும் 5, 6 மி.மீ. மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம். அதற்குக் கீழே போனால் காடியின் உதடு உடைந்து ஆணி தலைகாட்டும். ஒவ்வொரு முறை இயந்திரம் வைத்துத் தேய்க்கும்போதும் அரை முதல் ஒரு மி.மீ. போகும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேய்த்தால்கூட அந்தத் தரை உங்களைவிட நெடுநாள் இருக்கும்.

வேலையில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று.

முதலாவது, பலகையைக் கொண்டுவந்த அன்றே அடிப்பது. கட்டைப் பிரித்து, இடையே சிறு சட்டம் வைத்து, அந்த அறையிலேயே ஒரு வாரம் காற்றாட விட வேண்டும். சூளையில் 8 முதல் 10 விழுக்காட்டுக்கு உலர்த்திய இறக்குமதிப் பலகையை இங்கே நெருக்கி அடித்தால், அது ஈரத்தைக் குடித்து, இடம் போதாமல் நடுவில் கூடாரம் போல எழும்.

இரண்டாவது, ஈர ஸ்கிரீட். பலகையின் அடிப்பக்கம் நீர் குடித்து, மேற்பக்கம் குளிரூட்டியில் காய்ந்திருக்கும். அப்போது பலகையின் இரு ஓரமும் உயர்ந்து நடு பள்ளமாகும். சாய்ந்த வெயிலில் பார்த்தால் தரை முழுக்க ஓடு வேய்ந்தது போல அலை தெரியும். அவசரப்பட்டு அந்த ஓரங்களைத் தேய்த்துச் சமன் செய்துவிட்டால் அடுத்த தவறு நடக்கும். கீழே ஈரம் காய்ந்ததும் பலகை பழைய நிலைக்குத் திரும்பும். தேய்த்த ஓரம் தாழ்ந்தும், நடு மேடாகவும் நின்றுவிடும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டு அடைத்து, சில மாதம் காயவிட்ட பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும். பல தரைகள் தேய்க்காமலே தாமாகப் படிந்துவிடும்.

மூன்றாவது, மேற்பூச்சு. சொரசொரப்பு எண் 40, 60, 80, கடைசியில் 100 அல்லது 120 என்ற வரிசையில் உப்புத்தாள் மாற்ற வேண்டும். 40லிருந்து நேரே 100க்குத் தாவினால் கீறல் போகாது. அன்று தெரியாது, வார்னிஷ் ஏறிய மறுநாள் சன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். பாலியூரித்தேன் பூச்சு மூன்று கை. 24 மணி நேரத்தில் வெறுங்காலோடு நடக்கலாம். முழுக்க இறுக ஒரு வாரம் ஆகும், கம்பளத்தை அதற்குப் பிறகே விரிக்க வேண்டும். கரைப்பான் கலந்த பூச்சின் நெடி இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்க விடாது. குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் நீர் கலந்த பூச்சைக் கேளுங்கள்.

புதுத் தேக்கைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள்: ஒரு பலகை வைக்கோல் நிறம், அடுத்தது கறுப்புக் கீற்று. சில மாதம் வெளிச்சம் பட்டால் எல்லாம் தேன் நிறத்துக்கு ஒன்றுபோல் வந்துவிடும். அந்த மாதங்களில் கம்பளமோ பாயோ ஒரே இடத்தில் கிடந்தால் அதன் நிழல் தரையில் பதிந்துபோகும்.

இது யாருக்கு: தரையை எப்படியும் பெயர்க்கப் போகிறவர், 15 வருடமாவது தங்கப் போகிறவர், தரைவீட்டின் (நிலத்தோடு கூடிய தனிவீட்டின்) மாடி அறைகளுக்கு. தரைவீட்டின் கீழ்த்தளத்தில் மண்ணிலிருந்து ஈரம் ஏறும். அங்கே நல்ல ஈரத்தடுப்பு இல்லாமல் முழு மரம் வேண்டாம்.

## எஞ்சினியர்டு பலகை

பெயரைக் கேட்டுச் செயற்கை என்று நினைக்க வேண்டாம். மேலே இருப்பது அசல் மரம். அடியில் மெல்லிய அடுக்குகளை ஒன்றுக்கு நீளவாக்கும் அடுத்ததற்குக் குறுக்குவாக்குமாக மாற்றி மாற்றி ஒட்டியிருப்பார்கள். மேல்தோல் அகல நினைத்தாலும் குறுக்கே கிடக்கும் அடுக்கு விடாது. அதனால்தான் இந்த ஊர்க் காற்றில் ஓக், வால்நட் போன்ற குளிர்நாட்டு மரங்களையும், 150, 190 மி.மீ. அகலப் பலகைகளையும் இதில் மட்டும் துணிந்து போடலாம்.

கடையில் மாதிரியின் முகத்தைப் பார்க்காதீர்கள், அறுத்த முனையைத் திருப்பிப் பாருங்கள். கையில் ஒரு சின்ன அளவுகோல் போதும். மேல்தோல் 3 அல்லது 4 மி.மீ. இருந்தால் ஒருமுறை, கவனமாகச் செய்தால் இரண்டு முறை தேய்க்கலாம். 2 மி.மீ. என்றால் லேசாக உரசி மறுபூச்சு போடுவதோடு சரி. 0.6 மி.மீ. என்றால் அது ஒட்டுக்காகிதத்துக்கு அண்ணன்தான், அதற்கு மரத்தரை விலை கொடுக்க வேண்டியதில்லை. அடுக்குகளுக்கு இடையே கறுப்பு ஓட்டைகள், விட்டுப்போன இடங்கள் தெரிகிறதா என்றும் பாருங்கள். அவை தெரிந்தால், காலடியில் பொத்துப் பொத்தென்று சத்தம் வரப்போகும் இடங்கள் அவைதான்.

பதிக்கும் முறை இரண்டு. பசையில் ஒட்டுவது ஒன்று. தளத்தில் ஒட்டாமல், பலகைகளை ஒன்றோடொன்று பூட்டி, 2–3 மி.மீ. நுரைத்தாள் மேல் மிதக்க விடுவது இன்னொன்று. மிதக்கும் தரை விரைவில் முடியும், காசும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பல வீடுகளில் அதைத்தான் மறக்கிறார்கள்: மிதக்கும் தரை முழுவதும் ஒரே பாயாக அசைய வேண்டும். அதன் மேல் சுவரலமாரியைக் கட்டிவிட்டால் ஒரு பக்கம் ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தரை அகலும்போது எதிர்ப்பக்கம் போதாமல் நடுவே உப்பும். மிதக்கும் தரை என்றால் முதலில் அலமாரி, பிறகு அதன் அடி வரை தரை, 10 மி.மீ. விட்டு. ஒட்டும் தரை என்றால் அலமாரி மேலே உட்காரலாம். தச்சுவேலைக்காரரும் தரைக்காரரும் வேறு வேறு ஆள் என்றால் இந்த வரிசையை நீங்கள்தான் இருவரிடமும் சொல்ல வேண்டும்.

ஒட்டும் முறைக்குத் தளம் 2 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருக்க வேண்டும். ஸ்கிரீட்டின் ஈரத்தைக் கார்பைடு முறையில் அளந்தால் 2 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். அந்தக் கருவி இல்லாத ஆள் வந்தால், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது: ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. சதுரத்தில் தெளிந்த பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, ஒரு பகலும் இரவும் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ தளம் காயவில்லை. காயாத தளத்தில் பதிக்க அவசரம் என்றால் எபாக்ஸி ஈரத்தடுப்பு பூச வேண்டும். அது தனிச் செலவு, முதல் விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருக்காது.

பலவீனம் என்று பார்த்தால் கறையான்தான். மேலே தேக்குத்தோல் இருந்தாலும் அடியடுக்கு மென்மரம். தேக்குக்கு உள்ள எதிர்ப்பு அதற்கு இல்லை. அடுத்தது குளிரூட்டியின் வடிகுழாய். அடைத்துக்கொண்டு சுவர் வழியாக இரவெல்லாம் சொட்டினால், காலையில் பலகையின் முனைகள் கறுத்துப் பிரியத் தொடங்கியிருக்கும். குளிரூட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்வதும் தரைப் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

வீவக, கூட்டுரிமை (காண்டோ) வீடுகளின் படுக்கையறைக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: 14–15 மி.மீ. மொத்தம், மேல்தோல் 3 மி.மீ.க்குக் குறையாமல், பசையில் ஒட்டியது.

## பழைய பார்க்கெட்டைச் சீர்செய்வது

மறுவிற்பனை வீட்டைப் பார்த்ததும் "முதலில் இதைப் பெயர்த்துடலாம்" என்று சொல்லும் புதுப்பிப்புக் குத்தகைக்காரரிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். பழைய வீவக வீடுகளில் இருக்கும் பார்க்கெட், விரல் அகலத் தேக்குச் சில்லுகளைக் கூடைப்பின்னல் போல நேராகவும் குறுக்காகவும் ஒட்டியது. 8–10 மி.மீ. தடிமன், நாக்கும் காடியும் கிடையாது. ஆகவே ஏறக்குறைய அடிவரை பயன்படும் மரம் அது. பல பத்தாண்டு இந்தக் காற்றைக் குடித்து அடங்கிப்போன தேக்கு. இனி அது ஆடாது.

சோதிக்க ஒரு மரக் கைப்பிடி போதும். தரை முழுக்க ஓர் அடி இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் என்றால் ஒட்டு உயிரோடு இருக்கிறது. பானை மாதிரிச் சத்தம் வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சீர்செய்வது லாபம். பாதிக்கு மேல் போனால் விட்டுவிடலாம்.

தளர்ந்த சில்லுகளை எடுத்து, அடியில் இருக்கும் பழைய பசையையும் தளத்தில் இருக்கும் பசையையும் சுரண்டி, பிறகே புதுப்பசை வைக்க வேண்டும். சுரண்டாமல் மேலேயே பசையை ஊற்றி ஒட்டினால் ஆறு மாதத்தில் அதே சில்லு மறுபடி கையோடு வரும். குறையும் சில்லுகளுக்கு அலமாரி மறைக்கப்போகும் இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதுத் தேக்கு நிறம் சேராது. தேய்த்த தூளைப் பசையோடு குழைத்து இடுக்குகளை நிரப்பி, மறுபடி தேய்த்து, மூன்று கை பூச்சு. மூன்று அறைக்கு நாலைந்து நாள் வேலை.

தேய்த்தாலும் போகாதது ஒன்று உண்டு. சன்னலடியிலும் குளியலறை வாசலிலும் இருக்கும் கறுப்பு. மேலோட்டமாக இருந்தால் முதல் தேய்ப்பிலேயே போய்விடும். மரத்துக்குள் இறங்கியிருந்தால் அந்தச் சில்லுகளை மாற்றத்தான் வேண்டும். குளியலறை வாசலில் தொடர்ந்து கறுத்தால், குற்றம் பார்க்கெட்டில் இல்லை. குளியலறையின் நீர்த்தடுப்பு போயிருக்கிறது. அதைப் பார்க்காமல் தரையை மட்டும் பளபளப்பாக்கி என்ன பயன்?

செலவு என்று பார்த்தால் இது புது மரத்தரையின் சிறு பங்குதான். பெயர்ப்பு இல்லை, குப்பை இல்லை, ஸ்கிரீட் இல்லை, கதவை அறுக்க வேண்டியதில்லை.

## லேமினேட்டும் வினைலும்

இரண்டும் மரத்தரை அல்ல, மரம் போன்ற தரை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லேமினேட்டை இப்போது இந்த ஊரில் பரிந்துரைக்க எங்களுக்குக் காரணம் தோன்றவில்லை. கீறலைத் தாங்கும், உண்மைதான். ஆனால் மூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளிருக்கும் மரத்தூள் உப்பி, ஓரம் உதடு மாதிரி எழும்பும். எழும்பியது திரும்பப் படியாது, தேய்க்கவும் முடியாது.

வினைலில் இரண்டு வகை. 2–3 மி.மீ. தாளைப் பசையில் ஒட்டுவது ஒன்று, சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த 4–6 மி.மீ. கெட்டிப் பலகையைப் பூட்டிப் போடுவது இன்னொன்று. ஒட்டும் வகை தளத்தின் குறையை எல்லாம் காட்டிக்கொடுக்கும். ஓட்டு மேல் ஒட்டினால் சில மாதத்தில் ஓட்டு இடுக்குகள் கட்டம் கட்டமாக மேலே தெரியும். மேற்கு வெயில் விழும் சன்னலடியில் பசை இளகி ஓரம் சுருளவும் செய்யும். பூட்டும் வகை இந்த இரண்டிலும் மேல். அதை வாங்கினால் மேல் தேய்மானப் படலம் 0.5 மி.மீ. உள்ளதாகப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் நுரை ஒட்டியே வரும். "மெத்தென்று இருக்கட்டும்" என்று இன்னொரு நுரைத்தாளை விரித்தால், மிதிக்க மிதிக்கப் பூட்டு உடையும்.

தரை ஓடுகளின் மேல் போடுமுன் அந்த ஓடுகளையும் தட்டிப் பாருங்கள். ஒட்டு விட்ட ஓடு ஒருநாள் கூடாரமாக எழும்பினால் மேலே உள்ள வினைலும் சேர்ந்து எழும்.

தினமும் ஈர மாப், தவழும் குழந்தை, பூனை, சமையலறை வரை ஒரே தரை, ஐந்து வருடத்தில் விற்பனை: இவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் பூட்டும் வினைல் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். கல்யாணம், பொங்கல் என்று கூட்டம் கூடும் வரவேற்பறைக்கும் அதுவே எளிது.

## ஒரு பார்வையில்

| | முழு மரம் | எஞ்சினியர்டு | பழைய பார்க்கெட் | பூட்டும் வினைல் |
|---|---|---|---|---|
| ஸ்கிரீட்டுக்கு மேல் உயரம் | 24–30 மி.மீ. | 14–15 மி.மீ. | கூடுவதில்லை | 4–6 மி.மீ. |
| மறுபடி தேய்க்க | பலமுறை | 1–2 முறை | இன்னும் 1–2 முறை | முடியாது |
| ஈரத் தளம் | மிக மோசம் | மோசம் | ஏற்கனவே தேறியது | பெரிதாகப் பாதிக்காது |
| சிந்திய தண்ணீர் | உடனே துடைக்கணும் | உடனே துடைக்கணும் | உடனே துடைக்கணும் | கவலையில்லை |
| கறையான் | மரத்தைப் பொறுத்தது | அடியடுக்கு பலவீனம் | தேக்கு, தாங்கும் | தின்னாது |
| வேலை நாள் (ஸ்கிரீட் காயும் நாள் சேராது) | பலகை காற்றாடும் வாரத்தோடு 2–3 வாரம் | 2–3 நாள் | 4–5 நாள் | 1–2 நாள் |

## விலைப்பட்டியலில் எழுதாத செலவுகள்

வினைலும் லேமினேட்டும் சதுர அடிக்கு ஒற்றை இலக்கச் சிங்கப்பூர் வெள்ளியில் முடியும். நல்ல எஞ்சினியர்டு பெரும்பாலும் இரட்டை இலக்கத்தில் தொடங்கும். தேக்கு முழுப்பலகை அதற்கும் மேலே. ஆனால் சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

மூன்று படுக்கையறை சேர்த்து 35 சதுர மீட்டர் என்று வையுங்கள். 10.76 ஆல் பெருக்கினால் 377 சதுர அடி. நேராகப் பதித்தால் வெட்டுச் சேதம் 8 விழுக்காடு, வாங்க வேண்டியது 407 சதுர அடி. மீன்முள் வடிவம் என்றால் 15 விழுக்காடு, 433 சதுர அடி. அந்த வடிவத்துக்குக் கூலியும் கூடும். விலைப்பட்டியலில் இருப்பது அறையின் அளவா, வாங்கும் அளவா என்று முதலில் கேளுங்கள்.

பிறகு வரிசையாக: பழைய தரை ஓடுகளைப் பெயர்க்க, குப்பையை ஏற்ற, ஸ்கிரீட் போட, ஸ்கிர்ட்டிங், அறைக்கும் கூடத்துக்கும் நடுவே வரும் உலோகப் பட்டை, அறைக்கதவின் அடியை அறுக்க. அறைக்கதவை அறுக்கலாம். தீத்தடுப்பு வாசற்கதவை அறுத்தால் அதன் தடுப்புத்திறன் போய்விடும். பாம் ஷெல்டரின் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுத் தடுப்பு அறையின்) இரும்புக் கதவைத் தொடவே கூடாது. அந்த இரண்டு கதவும் திறக்கும் பக்கத்தில் தரை எவ்வளவு உயரலாம் என்பதை அளந்த பிறகே தடிமனை முடிவு செய்யுங்கள். இதை விட்டுவிட்டு, பதித்த மறுநாள் கதவு திறக்காமல் வாசலருகே பலகையைக் கழற்றிய வீடுகள் உண்டு.

வீவக வீட்டில் தரை பெயர்க்க அனுமதி வேண்டும், வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான் செய்ய வேண்டும். பெயர்ப்பு போன்ற இரைச்சல் வேலைக்கு வாரநாள் காலை 9 முதல் மாலை 5 வரைதான் நேரம், சனி ஞாயிறில் கிடையாது. கூட்டுரிமை வீடு என்றால் நிர்வாகக் குழுவிடம் முன்பணமும் கட்ட வேண்டிவரும். புது பிடிஓ வீடு (பதிவு செய்த பிறகு கட்டித்தரும் வீவக வீடு) வாங்குபவர்கள் மரத்தரைதான் என்று முன்பே முடிவு செய்திருந்தால், தரைக்கு வீவகவின் விருப்பத்தெரிவை எடுக்காமல் விட்டுவிடலாம். வெறும் சிமெண்ட் தளத்தோடு வரும், பெயர்ப்புச் செலவு முழுக்க மிச்சம்.

ஸ்கிரீட் காயும் நாற்பது நாளில் நீங்கள் எங்கே தங்குகிறீர்கள், அதற்கு வாடகை எவ்வளவு? பலருக்கு இந்த ஒரு வரிதான் மரத்தரைக்கும் வினைலுக்கும் இடையே முடிவு செய்யும்.

## புதுமனை புகுவிழாவுக்கு முன்

இதை எந்தக் கடையும் சொல்லாது. பால் காய்ச்சுவதும் கணபதி ஓமமும் தரை பதித்த பிறகுதான் பெரும்பாலும் நடக்கும். ஓமகுண்டத்தின் சூடு பூச்சைக் கொப்பளிக்க வைக்கும், வினைலை உருக்கும். அடியில் பிளைவுட், அதன் மேல் இரண்டு வரிசைச் செங்கல், அதன் மேல் மணல் பரப்பிய தட்டு, பிறகு குண்டம். சுற்றி ஒரு மீட்டருக்கு ஈரத்துணி அல்ல, உலர்ந்த அட்டை விரியுங்கள். நெய் தெறிக்கும். முடிந்தால் தரை பதிக்கும் முன்பே, வெறும் சிமெண்டில் ஓமத்தை முடித்துவிடுவது இன்னும் நல்லது.

குத்துவிளக்குக்கு அடியில் விளிம்புள்ள பித்தளைத் தட்டு. வழிந்த நல்லெண்ணெய் பாலியூரித்தேன் பூச்சில் பாதகமில்லை, துடைத்தால் போகும். மெழுகெண்ணெய்ப் பூச்சுத் தரையில் வட்டமாக ஊறிவிடும். மஞ்சளும் அப்படித்தான். ஈர மாக்கோலத்தை மரத்தின் மேல் போடாமல் ஒரு பலகையிலோ கல் தகட்டிலோ போட்டு வாசலருகே வையுங்கள். துளசித் தொட்டியை நேரே மரத்தில் வைத்தால், தட்டு இருந்தாலும் அடியில் வியர்த்துக் கறுப்பு வட்டம் விழும். கால் வைத்த தாங்கி வேண்டும்.

துடைக்க, பிழிந்தெடுத்த துணி போதும். கையால் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது, துடைத்த தடம் ஒரு நிமிடத்தில் காய வேண்டும். நீராவி மாப் எந்த மரத்தரைக்கும் ஆகாது. கல்யாணத்துக்கு வாங்கிய நாற்பது கிலோ கிரைண்டரை இழுக்காதீர்கள், கம்பளத் துண்டின் மேல் ஏற்றி நகர்த்துங்கள்.

பதித்து முடிந்ததும் ஒரு பெட்டிப் பலகையைக் குத்தகைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்க வையுங்கள், பெட்டியின் மேல் நிற எண்ணும் வாங்கிய மாதமும் தெரியும்படி.